நாவல் கொட்டைப் பொடி: மூன்று மாதத்தில் சர்க்கரை போய்விடுமா?

கேள்வி, ஜூன் 21, 2024

என் மாமனாருக்கு 12 வருடமாகச் சர்க்கரை. போன வருடம் நாவல் கொட்டைப் பொடியை மூன்று மாதம் எடுத்தார், மாத்திரையை விட்டுவிட்டார், இப்போது லட்டு சாப்பிடுகிறார். இவ்வளவு எளிய மருந்தை ஏன் எந்த டாக்டரும் சொல்வதில்லை? சீசன் தொடங்கிவிட்டது, கொட்டையைத் துப்பிவிடாதீர்கள். அனுபவம் உள்ளவர்கள் எழுதவும்.

பதில், ஜூன் 21, இரவு

லட்டு சாப்பிடுகிறார் என்பது லட்டு சாப்பிடுகிறார் என்பதற்குத்தான் சாட்சி. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எவ்வளவு, எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி, எவ்வளவு? மூன்று எண்ணையும் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

ஜூன் 21, கொஞ்ச நேரம் கழித்து

மேலே நான் எழுதிய பதில் முரட்டுத்தனமாகப் போய்விட்டது. எனக்கும் இதில் காரியம் இருக்கிறது. அம்மாவுக்கு 71 வயது, 9 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, காலையும் இரவும். ஊர் சிவகங்கைப் பக்கம், நான் வேலை பார்ப்பது மதுரையில், வெள்ளி ராத்திரி கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். எங்கள் கண்மாய்க்கரையில் நாலு நாவல் மரம் நிற்கிறது. அம்மா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, "அந்தக் கொட்டையை இடிச்சுக் குடுப்பா" என்று. இந்த வருடம் செய்து பார்த்துவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தப் போவதில்லை. நோட்டுப் போட்டு எழுதி வைத்து, வந்ததை இங்கே வைக்கிறேன்.

ஜூன் 23

நேற்று கரைக்குப் போனேன். மரத்தடி முழுக்க ஊதா. ஊரில் இருப்பது நாட்டு நாவல், சுண்டு விரல் நுனி அளவு, கொட்டைதான் பெரிது, சதை பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். மதுரையில் தள்ளுவண்டியில் ஜம்பு நாவல் என்று விற்கிறார்களே, அது கொழுகொழுவென்று இருக்கும், தின்பதற்கு அதுதான் சுகம். பொடிக்கு நாட்டு நாவல்தான் ஆகும் என்று அம்மா அடித்துச் சொல்கிறது. காரணம் கேட்டால் "துவர்ப்பு இருக்கணும்ல" என்கிறது.

பொறுக்கும்போது என் சட்டையில் பட்டு, சோப்புப் போட்டவுடன் ஊதாக் கறை நீலமாகிவிட்டது. சின்ன வயதில் இதை மாயம் என்று நினைத்திருந்தேன். நாவலின் நிறம் ஆந்தோசயனின், சோப்பின் காரம் பட்டால் நீலத்துக்குப் போகும், எலுமிச்சை பிழிந்தால் சிவப்புக்குத் திரும்பும். மகளுக்குச் செய்து காட்டினேன், அவள் பார்த்தது என் சட்டையைத்தான்.

இரண்டு கிலோவுக்கு மேல் பொறுக்கியிருப்போம். சதையைத் தின்றது பாதி, தொட்டியில் போட்டுப் பிசைந்து கழுவியது பாதி.

ஜூன் 25

"குறுநாவல் கொட்டையும் உதவுமா" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். சின்னப் பழம் காய்க்கிற வகையைத்தான் சொல்கிறார் என்று புரிவதற்கு எனக்கு ஒரு நிமிடம் ஆனது. குறுநாவல் எழுதுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார், அவருடையதைப் படித்தால் தூக்கம்தான் வரும், சர்க்கரைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.

ஜூலை 7

பொடி தயார். செய்முறை கேட்டவர்களுக்கு:

கொட்டையைச் சதை சுத்தமாகப் போகும்வரை கழுவ வேண்டும். கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பூஞ்சை பிடிக்கும், எனக்கு முதல் தட்டு அப்படித்தான் போனது. சாக்கில் பரப்பி மாடியில் பத்து நாளுக்கு மேல். நன்றாகக் காய்ந்ததும் மேல் தோல் வெடித்துக் கழன்று வரும், உள்ளே பச்சை கலந்த பருப்பு. அதை மறுபடி இரண்டு நாள் காயவைத்து உரலில் இடித்து, வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். மிக்ஸியிலும் அரைக்கலாம், என் மிக்ஸி பிளேடு ஒரு சத்தம் போட்டது, நிறுத்திவிட்டேன். இரண்டு கிலோவுக்கு மேல் பழத்துக்கு 200 கிராம்கூடத் தேறவில்லை.

ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. இதுதான் டானின். தோல் பதனிடக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போடுகிறோமே, அதே இனம்.

நேற்று சனிக்கிழமை காலை, பொடி தொடங்குவதற்கு முன், அம்மாவுக்கு வெறும் வயிற்றில் 172. எச்பிஏ1சி 8.1. நேற்றிலிருந்து காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் ஒரு டீஸ்பூன், மோரில்.

ஜூலை 14

நேற்று 165. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வேறு கதை. நாவல் மரத்தில் ஏறலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். கிளை பார்க்கத் தடிமனாக இருக்கும், முருங்கை மாதிரி சடக்கென்று முறியும். என் சித்தப்பா மகன் 1994-இல் ஏறி, தோள்பட்டை எலும்பு உடைந்து, முழுப்பரீட்சையை இடது கையால் எழுதினான். எழுதியது என்று அவன் சொல்லிக்கொள்கிறான். கீழே சேலையை நாலு பேர் விரித்துப் பிடித்துக்கொண்டு கிளையை உலுக்குவதுதான் எங்கள் ஊர் வழி.

ஔவைக்கு முருகன் உலுக்கிப் போட்ட கதையிலும் சேலை இல்லை, அதனால்தான் மண்ணில் விழுந்து, ஊதி, சுட்டது.

ஜூலை 16

பட்டையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் அப்பத்தாவுக்குக் கொட்டையைவிடப் பட்டைதான் மருந்து. வாய்ப்புண் என்றால் ஒரு கை அகலப் பட்டையைத் தட்டி, இரண்டு சொம்பு தண்ணீரில் போட்டு ஒரு சொம்பாக வற்றவைத்து, ஆறியபின் கொப்பளிக்கச் சொல்லும். வயிற்றுப்போக்குக்குக் கொழுந்தை அரைத்து மோரில். சீதபேதிக்கும் அதுவே, கொஞ்சம் கூடுதலாக. இந்த மூன்றும் எனக்கே நடந்திருக்கிறது. துவர்ப்பு புண்ணைச் சுருக்கும், குடலில் நீர் கசிவதைக் குறைக்கும், அதனால் நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

அப்பத்தாவின் ஒரு சட்டம்: பட்டையை உதிக்கிற பக்கத்தில் மட்டும்தான் எடுக்க வேண்டும், அதுவும் கை அகலம். சூரியனுக்கும் மருந்துக்கும் சம்பந்தம் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது தோன்றுகிறது, அது மரத்துக்கான சட்டம். எல்லாரும் ஒரே பக்கம் எடுத்தால் யாரும் மரத்தைச் சுற்றி உரிக்க மாட்டார்கள். சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும்.

ஜூலை 17

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். சாதாரண வாய்ப்புண் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே ஆறும். கஷாயமும் ஒரு வாரம் கொப்பளித்தோம். ஆக, ஆற்றியது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? எரிச்சல் அடங்கியது நிஜம், அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். சீதபேதி வேறு. காய்ச்சலும் ரத்தமும் இருந்தால் கொழுந்தை அரைத்துக்கொண்டு உட்காராதீர்கள், குழந்தையாக இருந்தால் சுத்தமாக வேண்டாம்.

ஜூலை 22

கடையில் வாங்கிய பொடி எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று ஒரு நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் வாங்கினேன். பெயர் வேண்டாம். என்னுடையது சாம்பல் பச்சை, கடைப்பொடி செங்கல் நிறம். துவர்ப்பு பாதிகூட இல்லை. தோலோடு அரைத்திருக்கலாம், பழைய சரக்காக இருக்கலாம். டப்பாவைத் திறந்த மூன்றாம் நாள் வண்டு வந்தது. வண்டு வந்தால் விஷம் இல்லை என்று அர்த்தம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் எல்லாவற்றிலும் நல்லதையே பார்ப்பவர்.

ஆகஸ்ட் 4

கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டிலிருந்து அப்படியே, எல்லாம் சனிக்கிழமை காலை, வெறும் வயிற்றில்:

ஜூலை 6 – 172
ஜூலை 13 – 165
ஜூலை 20 – 141
ஜூலை 27 – 129
ஆகஸ்ட் 3 – 116

மாத்திரை அதே. பொடி மட்டும்தான் புதிது. முதல் நாள் கேள்வி கேட்டவரிடம் கொஞ்சம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், லட்டுக்கு மட்டும் இன்னும் சம்மதமில்லை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஆறு பேருக்குச் சொல்லி, ஆறு பேரும் கொட்டைக்கு வருகிறார்கள். மரத்தடியில் பழம் முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 10, காலை

61.

ஆகஸ்ட் 10, மதியம்

பதறி அப்படியே போட்டுவிட்டேன், மன்னிக்கவும். விடியற்காலை 5 மணிக்கு அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய், கதவைப் பிடித்தபடி நின்றது. வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுக்கம், என்னைப் பார்த்து அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. குத்திப் பார்த்தால் 61. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன், கால் மணி நேரத்தில் 88, அப்புறம் இட்லி. இப்போது தெளிவாக இருக்கிறது, தொலைக்காட்சி பார்க்கிறது, என்னைத் திட்டுகிறது.

இரவுப் பொடியை நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை டாக்டர்.

ஆகஸ்ட் 11

ஆகஸ்ட் 4 குறிப்பை யாராவது எங்காவது பகிர்ந்திருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது தப்பு. எண்கள் தப்பில்லை, நான் அதிலிருந்து எடுத்த முடிவு தப்பு.

நேற்று ராத்திரி நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 13-ஆம் தேதி வரைக்கும் ஒன்றும் இறங்கவில்லை, 20-ஆம் தேதியிலிருந்து இறங்குகிறது. நடுவில் 17-ஆம் தேதி ஆடி பிறந்திருக்கிறது. அம்மாவைக் கேட்டேன், "வெள்ளிக்கிழமை விரதமா?" "ஆமா, நாப்பது வருசமா இருக்கேன், இப்பத்தான் கேக்குற?" நான் வெள்ளி ராத்திரி பத்தரைக்கு மேல்தான் வீட்டுக்குள் நுழைகிறேன், "சாப்பிட்டாச்சா" என்றால் "ஆச்சு" என்று பதில் வரும். அந்த "ஆச்சு" ஒரு வாழைப்பழமும் பாலும்.

முதல் வெள்ளி ராத்திரி டிபன் சாப்பிட்டிருக்கிறது. இரண்டாவதில் பழம். மூன்றாவதில் பால் மட்டும். நாலாவது வெள்ளி, 9-ஆம் தேதி, மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்று, நாள் முழுக்க நடை, வேலை, ராத்திரி ஒன்றும் இல்லை. மாத்திரையை மட்டும் காலையும் இரவும் பக்தியாகப் போட்டிருக்கிறது. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலினைச் சுரக்கச் சொல்கிற மாத்திரை, வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அது பார்க்காது.

20-ஆம் தேதியிலிருந்து நான் எடுத்த ஒவ்வொரு எண்ணும் விரதத்துக்கு மறுநாள் காலை எண். சனிக்கிழமை மட்டுமே அளந்தது என் பஸ் நேரத்தால். செவ்வாய், புதன் அளந்திருந்தால் இந்தக் கோமாளித்தனம் நடந்திருக்காது. பொடி சாப்பாட்டுக்கு முன் நாக்கை இழுத்துப் பிடிப்பதால் அம்மா சோற்றையும் குறைத்திருக்கிறது, "துவர்ப்புல இறங்க மாட்டேங்குது" என்கிறது. அதுவும் ஒரு பங்கு.

ஆகஸ்ட் 13

டாக்டர் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. விரதம் வேண்டாம், இருந்தே தீருவேன் என்றால் அந்த நாளுக்கு மாத்திரையை எப்படி மாற்றுவது என்று முன்னாலேயே வந்து கேளுங்கள் என்றார். பொடியைப் பற்றிச் சொன்னேன். "எடுப்பதை என்னிடம் சொல்லிவிட்டு எடுங்கள், அவ்வளவுதான்" என்றார். அவர் சொல்லி இப்போது கட்டில் பக்கத்தில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது. அம்மா அதை எறும்பு வராமல் இருக்க பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தது. மறுபடி வெளியே எடுத்தேன்.

ஆகஸ்ட் 18

ஆவாரைக் குடிநீர் என்கிற சித்தக் கஷாயம் பற்றி ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: சித்த மருத்துவத்தில் பழைய பாட்டே இருக்கும்போது எதற்கு இத்தனை சந்தேகம்?

பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை என்று சேர்த்துக் குடிநீர் வைத்துக் குடித்தால் "காவிரி நீரும் வற்றும் கடல்நீரும் வற்றும்" என்று முடியும். ஜூன் மாதத்தில் பாலத்தில் நின்று பார்த்தால் காவிரிக்கு யாரோ ஏற்கனவே குடிநீர் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அது இருக்கட்டும்.

பாட்டு எதை வற்றவைப்பதாகச் சொல்கிறது? நீரை. ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நோயின் பெயரே நீரிழிவு. இழிதல் என்றால் இறங்குதல், வடிதல். மலையிலிருந்து அருவி இழிகிறது என்று எழுதுவார்களே, அந்த இழிதல். ராத்திரி ஏழெட்டுத் தடவை எழுந்து போகிற ஆளைப் பார்த்து வைத்த பெயர். அந்தக் காலத்து வைத்தியர் கையில் விரலைக் குத்துகிற கருவி இல்லை. சிறுநீர் எவ்வளவு, எத்தனை தடவை, எறும்பு மொய்க்கிறதா, நோயாளி இளைக்கிறாரா, இவைதான் அவருடைய அளவு. துவர்ப்பான சரக்கைக் கொடுத்து, போக்கு குறைந்து, ஆள் ராத்திரி தூங்கினால் மருந்து வேலை செய்தது என்று பாடுவார். அவர் பொய் சொல்லவில்லை. நாம்தான் அவர் சொல்லாத ஒன்றை, அதாவது 172 என்பது 116 ஆகும் என்பதை, அவர் வாயில் வைக்கிறோம்.

அம்மாவிடம் இதைக் கேட்டேன். பொடி தொடங்கியதிலிருந்து ராத்திரி எழுவது மூன்றிலிருந்து இரண்டாகியிருக்கிறதாம். நோட்டில் நான் இதற்கு ஒரு பத்தியே போடவில்லை.

ஆகஸ்ட் 18, இரவு

மேலே எழுதியதோடு ஒட்டியது. திருவானைக்காவலில் தலமரம் வெண்ணாவல், சாமி பெயரே சம்புகேஸ்வரர், சம்பு என்றால் நாவல். அதுதான் பஞ்சபூதத் தலங்களில் நீர்த்தலம், கருவறையில் எப்போதும் நீர் கசிந்துகொண்டிருக்கும். இருப்பது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில். காவிரியை வற்றடிக்கிற சரக்கு இரண்டு ஆற்றுக்கு நடுவே நிற்கிறது. இதிலிருந்து எந்தத் தத்துவத்தையும் எடுக்கப் போவதில்லை. நாவலுக்கு ஈரம் பிடிக்கும், கண்மாய்க்கரையில் நிற்பதும் அதனால்தான்.

ஆகஸ்ட் 20

குடிநீர் பற்றி இன்னொன்று விட்டுப்போயிற்று. அந்த ஏழு சரக்கில் ஒன்று கடலழிஞ்சில். இலங்கையில் இதை கொத்தலா ஹிம்புட்டு என்பார்கள், அந்தக் கட்டையைக் குடைந்து குவளை செய்து, ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் சர்க்கரைக்காரர்கள் குடிக்கிற பழக்கம் அங்கே உண்டு. 1990-களின் கடைசியில் ஜப்பான் ஆய்வாளர்கள் அதிலிருந்து சலசினால் என்ற பொருளைப் பிரித்தார்கள். அது குடலில் மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதைத் தாமதிக்கிறது, நம் ஊரில் எழுதிக் கொடுக்கிற அகார்போஸ் மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே குடிநீர் குடித்து ஒருவருக்குச் சர்க்கரை இறங்கினால், மாலையை நாவலுக்குப் போடுவதா கடலழிஞ்சிலுக்குப் போடுவதா? ஏழு பேர் சேர்ந்து தூக்கிய தேருக்கு ஒரு ஆள் மட்டும் கூலி கேட்கிற கதை.

ஆகஸ்ட் 25

ஆடி முடிந்தது, விரதம் இல்லை. பொடியைக் காலை மட்டும் தொடர்கிறோம். மாத்திரை அதே. நேற்று சனிக்கிழமை 158. புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பையனை வைத்து அளக்கச் சொன்னேன், 163.

இந்த இரண்டு எண்ணையும் ஆகஸ்ட் 4 பட்டியலுக்குக் கீழே சேர்த்துப் படியுங்கள்.

செப்டம்பர் 1

"இந்திய மருந்து என்பதால் வெளிநாட்டுக்காரன் சோதிக்கவே மாட்டான்" என்று எழுதியவருக்கு. சோதித்திருக்கிறார்கள். நாவல் நம் பக்கத்திலிருந்து பிரேசிலுக்குப் போய் அங்கேயும் வளர்கிறது, அந்நாட்டின் தென்பகுதியில் மக்கள் அதன் இலையைத் தேநீராகப் போட்டுச் சர்க்கரைக்குக் குடிக்கிறார்கள். போர்ட்டோ அலெக்ரே நகரத்து மருத்துவர்கள் அதை எடுத்துச் சோதித்தார்கள், 2004-இல் டயபடீஸ் கேர் இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு நாவல் தேநீரும் போலி மாத்திரையும், இன்னொரு குழுவுக்குப் போலித் தேநீரும் நிஜ மாத்திரையும். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. மாத்திரைக் குழுவுக்கு இறங்கியது. தேநீர்க் குழுவுக்கு இறங்கவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: அது இலை, நம்முடையது கொட்டை. கொட்டைப் பொடி எலிகளுக்குச் சர்க்கரையை இறக்கியதாக நிறைய ஆய்வுகள் உண்டு. எலிக்கு மருந்து கொடுத்து நோயைப் போட்டதும் நாம்தான், குணமாக்கியதும் நாம்தான். எலி ஆடி வெள்ளி இருப்பதில்லை என்பது மட்டும் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த அம்சம்.

1921-இல் இன்சுலின் கிடைப்பதற்கு முன் ஐரோப்பாவிலேயே நாவல் கொட்டையைச் சர்க்கரைக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்சுலின் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. சதி என்று நினைக்கிறவர்கள் நினைக்கலாம். எலும்பும் தோலுமாகச் சாகக் கிடந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு யார் கொட்டைக்குத் திரும்புவார்கள்?

செப்டம்பர் 3

என்னை அலோபதி அடிமை என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். அம்மா தினமும் போடுகிற மெட்ஃபார்மினுக்கும் பாட்டி ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை ஆட்டுத் தீனியாகவும் மருந்தாகவும் வைத்திருந்தார்கள். அதில் இருந்த பொருள் சர்க்கரையை இறக்கியது, ஆளையும் படுத்தியது. அதைத் தட்டிக்கொட்டி, விஷத்தைக் குறைத்துச் செய்த பிள்ளைதான் இந்த மாத்திரை. செடி என்பதால் நான் நாவலைத் தள்ளவில்லை. யாராவது நாவலுக்கு அந்தத் தட்டிக்கொட்டுகிற வேலையைச் செய்து முடித்தால், வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

செப்டம்பர் 8

மலச்சிக்கல் பற்றிக் கேட்ட அம்மையாருக்கு: ஆமாம், வரும். துவர்ப்பின் வேலையே அது. எங்கள் வீட்டில் மூன்றாம் வாரமே வந்தது, அம்மா சொல்லக் கூச்சப்பட்டுக் கொய்யாப்பழம் வாங்கித் தின்றிருக்கிறது, அதுவும் நோட்டில் இல்லை. இன்னொன்று, உங்களுக்கு ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு சேர்த்துப் பொடியை எடுக்காதீர்கள், டானின் இரும்பைக் கட்டிக்கொள்ளும், உடம்பில் சேராது. டீ, காபியோடு அந்த மாத்திரையைப் போடக் கூடாது என்பதும் இதற்குத்தான். நாவல் பழம் கறுப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்துச் சொல்வது. பழம் ருசி, உப்புத் தொட்டுத் தின்னுங்கள், அதற்கு வேறு காரணம் வேண்டாம்.

அக்டோபர் 6

எச்பிஏ1சி 7.8. ஜூலையில் 8.1. மூன்று மாதம் பொடி, மூன்று மாதம் மாத்திரை, ஒரு மாதம் விரதம், ஒரு பயம். பயத்துக்குப் பிறகு அம்மா சாயங்காலம் கண்மாய்க்கரை வரை நடந்து திரும்புகிறது, ராத்திரி சோற்றுக்குப் பதில் இரண்டு தோசை. 0.3 குறைந்ததில் எது எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வழியில்லை. நடைதான் என்று என் ஊகம். பொடிதான் என்று அம்மா. மாரியம்மன் என்று பெரியம்மா.

தெருவில் ஆறு பேர் கொட்டைக்கு வந்தார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அவர்களில் இரண்டு பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள், என் அம்மா சொன்ன 116-ஐக் கேட்டு. போன மாதம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒருவர் திரும்பத் தொடங்கிவிட்டார். இன்னொருவர், "உங்கம்மாதானப்பா சொன்னுச்சு, இப்ப நீ வந்து வேற சொல்ற" என்றார். அம்மாவையே கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அம்மா அவரிடம் 61-ஐ விவரித்த விதம் இருக்கிறதே, எமன் வாசலில் வந்து எருமையைக் கட்டியது வரைக்கும் போயிற்று. அவர் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். எண் சொல்லிப் புரியவைக்க முடியாததை எருமை செய்தது.

நவம்பர் 3

கந்த சஷ்டி, அழகர்மலையில் பழமுதிர்சோலைக்குப் போயிருந்தோம். ஔவை கதையைச் சொல்லி ஒரு நாவல் மரத்தைக் காட்டுவார்கள். மற்ற இடத்தில் ஆனி, ஆடியில் பழுப்பது இங்கே ஐப்பசியில் பழுக்கும் என்பார்கள். நான் அண்ணாந்து பார்த்ததில் இலைதான் தெரிந்தது, கண் சரியில்லை. அம்மா பார்த்ததாகச் சொன்னது. கீழே வரும் வழியில் ஒருவர் "ஔவை சாப்பிட்ட நாவல் கொட்டைப் பொடி" என்று பாக்கெட் விற்றார். செங்கல் நிறம்.

நவம்பர் 10

கடைசியாக ஒரு விஷயம், மருந்து இல்லை. ஜூனில் கொட்டை கழுவிய தொட்டித் தண்ணீரைக் கொல்லையில் கொட்டியிருந்தோம். கூடவே போன சில கொட்டைகள் முளைத்து இப்போது சாண் உயரம் நிற்கின்றன. காயவைத்த கொட்டையில் மிச்சம் இருந்ததை ஆகஸ்டில் விதைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட வரவில்லை. நாவல் கொட்டை ஈரம் போனால் செத்துவிடும், சில வாரத்துக்குள் மண்ணில் விழ வேண்டும். வேடிக்கை என்னவென்றால் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு, மூன்று கன்று கிளம்பியிருக்கிறது. நாவலில் அது வழக்கம்தான், ஒரு விதைக்குள் பல கரு இருக்கும். அம்மா பழைய பால் கவரில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. காய்க்க எட்டுப் பத்து வருடம் ஆகும் என்றேன். "ஏறாம உலுக்கச் சொல்லு உம் மகள" என்றது.

மொத்தம் ஒன்பது கன்று. மூன்று கண்மாய்க்கரைக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, நாலு ஏற்கனவே கேட்டவர்களுக்கு. மிச்சம் ஒன்றை இந்த இழையைத் தொடங்கியவருக்கு எடுத்து வைத்திருக்கிறேன். வாங்க வரும்போது மாமனாரின் எச்பிஏ1சி சீட்டைக் கொண்டுவரவும்.